அங்கன்வாடி விழாவில் பெற்றோருக்கு என்ன வேலை?

விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறீர்கள். மூன்றரை வயது மகள் ஊர் அங்கன்வாடிக்குப் போகிறாள். அடுத்த வாரம் அங்கே விழா, ‘பெற்றோர் வந்து கூடமாட உதவ வேண்டும்’ என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அரை நாள் போனால் கூலி போய்விடும், பதிலாக 500 ரூபாய் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ‘அப்பா அம்மா வராத பிள்ளையை வேறு மாதிரி பார்ப்பார்களா, அவள் படிப்புக்கு இதனால் ஏதாவது குறை வருமா’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. நான் 11 வருடம் அங்கன்வாடிப் பணியாளர், அப்புறம் 17 வருடம் மேற்பார்வையாளர். இருபதுக்கு மேற்பட்ட மையங்களின் விழாக்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் மனதை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் கிடைக்கும் எதுவும், முன்பருவக் கல்வியாகட்டும், மதியச் சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது ஆகட்டும், பெற்றோர் விழாவுக்கு வந்தார்களா என்பதைப் பொறுத்தது கிடையாது. எல்லாம் இலவசம், எல்லாம் பிள்ளையின் உரிமை. வரச் சொல்லிக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. பணமும் அப்படித்தான். படிப்பைப் பற்றிக் கேட்டதற்கும் ஓரளவு உறுதியான பதில் உண்டு. 2003-ல் இங்கிலாந்து அரசுக்காக அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் வீட்டில் பிள்ளையோடு பேசுவது, கதை சொல்வது, கூட உட்கார்வது ஆகியவைதான் படிப்பில் தெளிவாகத் தெரிகின்றன, பள்ளிக்கு வந்து தொண்டு செய்வதால் பிள்ளையின் மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று அதில் வந்தது. அதே நாட்டில் 1997-ல் தொடங்கி ஏறக்குறைய 3,000 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வும், பெற்றோர் யார் என்பதைவிட வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்றது. இரண்டும் அந்த ஊர்க் கதை, நம் கிராமத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து மகளிடம் ‘இன்னைக்கு என்ன பாட்டு பாடினீங்க’ என்று பத்து நிமிடம் கேட்கிற அப்பா, விழாவுக்கு வர முடியவில்லையே என்று மருகத் தேவையில்லை என்பதை என் அனுபவமும் சொல்கிறது.

அப்படியானால் எதற்குப் போக வேண்டும்? உங்கள் மகளின் படிப்புக்காக இல்லை. அங்கே இருக்கிற இரண்டு பெண்களுக்காகவும், அவர்கள் கையில் இருக்கிற இருபத்தைந்து பிள்ளைகளுக்காகவும். ஒரு மையத்தில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், அதாவது நாம் டீச்சர், ஆயா என்று கூப்பிடுகிறவர்கள். பாடம், சமையல், எடை, உயரம், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு, வீடு பார்வை, செல்போனில் பதிவு, மாதக் கூட்டம் எல்லாம் இந்த நான்கு கைகளில். இதில் ஒரு ஜோடிக் கை கூடினால் என்ன ஆகும் என்பதை நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 320 அங்கன்வாடிகளை எடுத்து, அதில் பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை வைத்தார்கள். ஒன்றரை வருடத்தில் அந்த மையங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய டீச்சருக்கு மற்ற வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நாங்கள் வருடக்கணக்காக மாதக் கூட்டத்தில் சொல்லிச் சொல்லி ஓய்ந்ததை யாரோ எண்ணிக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் வைத்தது சம்பளத்துக்கு, பயிற்சி கொடுத்து. ஆகையால் ‘பெற்றோர் தொண்டு செய்தாலும் இதே பலன் வரும்’ என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. தினமும் ஒரு அம்மா இலவசமாக வந்து வகுப்பு எடுக்கட்டும் என்று யாராவது யோசனை சொன்னால் நான் எதிர்ப்பேன். அங்கன்வாடிப் பணியாளர்களையே வெகுகாலம் ‘கௌரவ ஊழியர்’ என்று சொல்லி மதிப்பூதியத்தில்தான் வைத்திருந்தார்கள். வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) அவர்களுக்கும் உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் செய்கிற வேலையை இன்னொரு கூலியில்லாத ஆள் தலையில் கட்டுவது சரியில்லை. வருடத்தில் நாலைந்து விழா நாட்களில் வந்து கைகொடுப்பது வேறு. எத்தனை டீச்சர் இருந்தாலும் அன்றைக்குப் போதாது.

விழா நாள் உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் தெரியுமா? ஒன்பதரை மணிக்குச் சாமியானா கட்டுகிறவர் கயிறு கட்ட இடம் கேட்பார். மைக்செட்காரர் பிளக் எங்கே என்பார். நாலு பிள்ளைகள் புதுச்சட்டையில் மூத்திரம் போயிருக்கும். ஆயா அடுப்படியில் இருப்பார். வார்டு மெம்பர் சீக்கிரம் வந்துவிடுவார், அவருக்கு நாற்காலி போட வேண்டும், டீ சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர், அதாவது நான், போய் நின்றுகொண்டு பதிவேடு எங்கே என்று கேட்பேன். இத்தனைக்கும் நடுவில் டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பக்கூட முடியாது. பிள்ளைகளுக்கான விழாவில் பிள்ளைகளோடு யாருமே இல்லாமல் போகிற நேரம் அதுதான். அதனால் பெற்றோரிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையை டீச்சர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அவரிடம் விட்டுவிடுங்கள். நாற்காலி போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, வந்தவர்களை உட்கார வைப்பது, செருப்பை ஒழுங்காக வைப்பது, இலையோ தட்டோ எடுப்பது, முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது. உதவிக்கு வந்த பலரும் இதற்கு நேர்மாறாகப் பிள்ளைகளை ஆடச் சொல்லிக் கொடுக்கப் போவார்கள், டீச்சர் நாற்காலி தூக்கிக்கொண்டிருப்பார். பிள்ளைக்குப் பழகிய முகம் டீச்சர் முகம். கூட்டத்தைப் பார்த்து மிரள்கிற நாளில் அந்த முகம்தான் பக்கத்தில் வேண்டும்.

ஒரே ஒரு வேலை மட்டும் பிள்ளைகளைச் சேர்ந்தது, அதை ஒரு பொறுப்பான ஆளுக்குக் கொடுக்கலாம்: தலை எண்ணுவது. ஆரம்பிக்கும்போது எத்தனை பேர், சாப்பாட்டுக்கு உட்காரும்போது எத்தனை, போகும்போது யார் யாரோடு போனார்கள். கூட்டம் அதிகமான நாளில் தெருவில் இறங்கி நடந்துவிடுகிற பிள்ளையை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் நல்லபடியாக முடிந்தது. ஒருமுறை ஊரணிக்கரை வரை போயிருந்தான்.

கூலி போகும் என்றீர்களே, அதற்கு வருகிறேன். உதவி என்றால் அன்றைக்கே வந்து நிற்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் மையத்தில் ஒரு கொத்தனார் இருந்தார். அவர் மகன் எங்களிடம் இருந்த இரண்டு வருடமும் ஒரு விழாவுக்குக்கூட அவரால் வர முடியவில்லை. ஆனால் முதல் வருடப் பொங்கல் விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், வேலை முடிந்து வருகிற வழியில் மிச்சச் சிமெண்டைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து, வாசல் படியில் பெயர்ந்திருந்த இடத்தைப் பூசிவிட்டுப் போனார். அந்தப் படியில் வாரத்துக்கு ஒரு பிள்ளை தடுக்கி விழுந்துகொண்டிருந்தது. மொத்தம் முக்கால் மணி நேர வேலை. அதற்கு நான் எழுதிய கடிதங்களைச் சொல்லி முடியாது. நீங்கள் விசைத்தறியில் இருக்கிறீர்கள், துண்டுத் துணி கிடைக்குமா என்று பாருங்கள். பொம்மைக்கும், நிறம் பிரிக்கிற விளையாட்டுக்கும், தொட்டுப் பார்த்து சொரசொரப்பு, வழவழப்பு சொல்கிற விளையாட்டுக்கும் அது தங்கம்.

அப்பாக்கள் வருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 2018 மார்ச்சில் மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கமான போஷண் அபியான் தொடங்கிய பிறகு, மையத்தில் மாதம் இரண்டு சமுதாய நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று வந்தது. குழந்தைக்கு முதல் திட உணவு ஊட்டுவது, கர்ப்பிணிகளைக் கொண்டாடுவது, பிள்ளையை முன்பருவக் கல்விக்கு வரவேற்பது என்று பலவகை. அதில் ஒருவகை கணவன்மாருக்கென்றே வைத்தது. அந்த நாளில்கூட நான் போய்ப் பார்த்தால் உட்கார்ந்திருப்பது அம்மாக்களும் மாமியார்களும்தான். பால்வாடி என்றால் பொம்பளைங்க இடம் என்று ஆண்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒருவர் உள்ளே வந்தால் அடுத்த முறை மூன்று பேர் வருவார்கள், இதை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன். உங்களால் முடிந்தால் அந்த முதல் ஆளாக இருங்கள்.

பணம் கொடுப்பது தப்பில்லை. ஆனால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். இதில் நான் செய்த தவறு ஒன்று இன்றும் உறுத்துகிறது. பணியாளராக இருந்த ஆரம்ப வருடங்களில், குழந்தைகள் தின விழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் வாசித்தேன். 200 கொடுத்தவர், 500 கொடுத்தவர், பரிசு டிபன் பாக்ஸ் வாங்கித் தந்தவர். கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். களை எடுக்கப் போகிற ஓர் அம்மா, முந்தின நாள் வந்து மையம் முழுக்கச் சாணி தெளித்துக் கோலம் போட்டவர், பெயர் வாசிப்பு முடியும் முன்பே மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் பிள்ளை வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, ‘எங்க பேரு அதுல இல்லையேன்னு பாப்பா கேட்டுச்சு டீச்சர்’ என்றார். அதற்குப் பிறகு என் பொறுப்பிலிருந்த எந்த மையத்திலும் பெயர் வாசிக்க விட்டதில்லை. பணம் கொடுத்தால் சத்தமில்லாமல் கொடுங்கள், பொருளாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, என்ன வேண்டும் என்று டீச்சரைக் கேட்டு வாங்குங்கள், ரசீதோ பதிவேட்டில் ஒரு வரியோ கேளுங்கள். அது டீச்சருக்கும் பாதுகாப்பு.

இன்னொரு விஷயம், இதைப் பலர் வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். பல ஊர்களில் ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் முதன்முதலாக ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுகிற இடம் அங்கன்வாடிதான். உதவிக்கு யார் வருகிறார்கள், யார் கையால் பரிமாறுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். பரிமாறுவதற்கு ஒரு தெருவிலிருந்தும், பெருக்குவதற்கு இன்னொரு தெருவிலிருந்தும் ஆள் வந்தால், நாம் சொல்லிக்கொடுக்காத பாடத்தையும் அவர்கள் படித்துவிடுவார்கள். நான் எல்லா வேலைக்கும் இரண்டு தெருவிலிருந்தும் ஜோடியாகப் பெயர் எழுதச் சொல்வேன். ஒருமுறை ஒரு வீட்டார் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று சண்டைக்கு வந்தார்கள். பட்டியலை மாற்றவில்லை. பிள்ளை நாலு நாளில் தானாக வந்துவிட்டது, தாத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

சரி, அடுத்த வாரம் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், கண்ணை அகட்டி வைத்துக்கொள்ள வேண்டிய சில இடங்களைச் சொல்கிறேன். இவற்றில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பலூன் கட்டாதீர்கள், கட்டினாலும் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, உருண்டை மிட்டாய் இந்த வயதுக்கு வேண்டாம், சுண்டல் என்றால் நன்றாகக் குழைய வேக வைத்து மசித்துக் கொடுக்கலாம். அம்மாவோடு வந்த கைக்குழந்தைக்கு யாராவது ஆசையாகத் தேன் தொட்டு வைக்கப் போனால் தடுங்கள், ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. வீட்டில் சமைத்து எடுத்து வருவதை நான் ஊக்குவிக்க மாட்டேன், யாருக்கு எது ஒவ்வாது என்று டீச்சருக்குத்தான் தெரியும், காலையில் செய்தது மதியத்துக்குள் கெட்டும் போகலாம். அடுப்புக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தல் கூடவே கூடாது. 2004-ல் கும்பகோணத்தில் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனதை இந்தத் துறையில் இருந்த யாரும் மறக்க மாட்டோம். கழிப்பறைக்குப் பிள்ளையை அழைத்துப் போவது டீச்சரோ ஆயாவோ சொந்தப் பெற்றோரோ மட்டும், உதவிக்கு வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. இது உங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யார் மனதும் நோகாது. அப்புறம் படம் எடுப்பது. உங்கள் மகளை எடுங்கள், மற்றவர் பிள்ளையை எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஊட்டச்சத்து மாத விழாவில் எடை போடும் இடத்தில் நின்றால், எந்தப் பிள்ளையின் எடையையும் சத்தமாகச் சொல்லாதீர்கள். ‘இது மெலிஞ்சு போச்சே’ என்று ஒரு வார்த்தை பொது இடத்தில் விழுந்தால், அந்த அம்மா அடுத்த மாதம் எடை போடவே வர மாட்டார். நமக்கு வேண்டியது அவர் வருவது.

உங்கள் மகள் மேடையில் ஏறி அழுதால்? அழுவாள், பெரும்பாலும் அழுவார்கள். மூன்றரை வயதில் அது குறை இல்லை. நூறு பேர் உற்றுப் பார்த்தால் பெரியவர்களுக்கே கால் நடுங்கும். கீழேயிருந்து ‘ஆடு ஆடு’ என்று கத்தாதீர்கள். டீச்சர் போய்த் தூக்கிக்கொள்வார், இல்லையென்றால் நீங்கள் போய்த் தூக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நான் மேற்பார்வையாளர் ஆன பிறகு மேடையையே எடுத்துவிடச் சொன்னேன். பிள்ளைகள் நடுவில் வட்டமாக, பெற்றோர் சுற்றி வெளிவட்டமாக, எல்லோரும் ஒரே பாட்டுக்குக் கை தட்டுவது. அழுகை பாதியாகக் குறைந்தது. இது என் கண்ணால் பார்த்த கணக்கு, யாரும் அளந்ததில்லை. ஆனால் உங்கள் டீச்சர் ஒப்புக்கொண்டால் இதை முயன்று பாருங்கள்.

விழா தவிர, மாதம் ஒருநாள் பெற்றோரை மையத்துக்கு அழைத்து முன்பருவக் கல்வி நாள் என்று வைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் விழாவைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். மைக் கிடையாது, மாலை கிடையாது. ஒரு பூக்காரப் பாட்டி வந்து பூக்கட்டிக் காட்டிக்கொண்டே கதை சொன்னார். ஆட்டோ ஓட்டுகிற அப்பா ஒருவர் வண்டியை வாசலில் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையையும் ஹாரன் அடிக்க விட்டார். ஒரு மாதம் அதையே பேசினார்கள், வண்டி வரைந்தார்கள், சக்கரம் எத்தனை என்று எண்ணினார்கள். மூன்று சக்கரம் என்பதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஊர்க்காரர்கள் உள்ளே வருவது இன்று நேற்று வந்த யோசனையும் இல்லை. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோதே ஊர்ப் பெண்களைக் குழுவாகச் சேர்த்தார்கள், அவர்கள் சத்துணவு உருண்டை செய்யவும் எடை போடும் நாளில் தாய்மாரைக் கூட்டி வரவும் உதவினார்கள். அங்கன்வாடி என்ற பெயரில் இருக்கிற ‘அங்கன்’ என்றாலே முற்றம். மகாராஷ்டிரத்தில் குழந்தைக் கல்விக்கு உழைத்த தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இரண்டு பெண்கள் பழங்குடிக் குடியிருப்புகளின் முற்றத்துக்கே பாலர் பள்ளியைக் கொண்டுபோனார்கள், பெயரும் அந்த வழியில் வந்தது.

நான் சொன்னதெல்லாம் அரசு அங்கன்வாடிக்கு. தனியார் பிளே ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வாடகை உடை, மண்டபம் என்று வேறு கணக்கு இருக்கிறது. அங்கே நான் வேலை பார்த்ததில்லை என்பதால் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது இதுதான். நாளைக்கு மகளை விடும்போது டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலமோ, அன்னைக்குக் காலையில எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரைக்குமோ வந்தா என்ன வேலை இருக்கும்?’ அந்த நேரம் உங்கள் ஷிஃப்டைத் தொடாது என்றால் கூலியும் போகாது. சாமியானாவும் நாற்காலியும் தண்ணீரும் அந்த ஒன்றரை மணியில் முடிந்துவிட்டால், பத்து மணிக்கு அந்த டீச்சர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருப்பார். 500 ரூபாயில் துண்டுத் துணிக்கு ஒரு மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள், எலி கடிக்காது. மிச்சத்தை மகளுக்கு ஒரு படப் புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.